வாழ்க்கைத் துணை மாற்றுத்திறனாளியாயின்: வருமான வரியில் உள்ள உரிமை

வருமான வரி என்று சொன்னதும், "அது துரைமார்களுக்கும் கடைக்காரர்களுக்கும் உரிய சங்கதி, பால்மரம் வெட்டுகிறவனுக்கு அதில் என்ன வேலை?" என்று கேட்கும் வழக்கம் நமது தோட்டங்களில் நெடுநாளாக இருந்து வருகிறது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டு டான் சே யான் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டபோது இந்நாட்டில் வருமான வரியே கிடையாது. 1948இல் அது மலாயாவில் நடைமுறைக்கு வந்த பின்னரும், பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து நாட்கூலி பெற்ற தொழிலாளியின் வருமானம் வரி எல்லையை எட்டவில்லை.

இன்றும் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை மட்டுமே பெறும் தொழிலாளி வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு நிலைமை மாறியுள்ளது. ஒரே கூரையின்கீழ் ஒருவர் மரம் வெட்டுகிறார். ஒருவர் செம்பனை ஆலையில் இயந்திரம் பார்க்கிறார். மகன் ஆயர் குரோ தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறான். மருமகள் மலாக்கா நகரில் அலுவலகம் செல்கிறாள். மிகைநேரச் சம்பளமும் சேர்ந்தால் அவர்களுள் ஒருவரிடமாவது மாதந்தோறும் வரி பிடிக்கப்படுகிறது. சேமநிதிச் சந்தா போக ஆண்டு வருமானம் ஏறத்தாழ 34,000 ரிங்கிட்டைத் தாண்டுகிறவர்கள் வரிப் பாரம் அனுப்ப வேண்டியவர்கள் ஆகிறார்கள். அவர்களுடைய வீட்டில் கணவனோ மனைவியோ உடற்குறையுற்றவராக இருந்தால், சட்டம் தரும் ஒரு கழிவு உண்டு. அது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் எங்கே தொடங்குவதென அறியாமல், தவறான வாசலில் நின்று திரும்பிவிடுகின்றனர். அதனைப் பற்றியே இங்கு விளக்க விரும்புகிறோம்.

முதலில் ஒரு தெளிவு. வருமான வரி மாநில அரசு விதிப்பதன்று, கூட்டரசு விதிப்பது. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றே. மலாக்காவில் வேலை செய்து ஜொகூருக்கு மாற்றலாகிச் சென்றாலும் உரிமை மாறாது. வரியைத் திரட்டுவது உள்நாட்டு வருமான வரி வாரியம்.

இச்சட்டப்படி ஒவ்வொரு தனிநபருக்கும் 9,000 ரிங்கிட் கழிவு உண்டு. வருமானம் இல்லாத மனைவிக்காகக் கணவனும், வருமானம் இல்லாத கணவனுக்காக மனைவியும் 4,000 ரிங்கிட் கழிவு கோரலாம். அந்தத் துணைவர் மாற்றுத்திறனாளியாக இருந்து, இருவரும் சேர்ந்து வாழ்பவராயின், மேலும் ஒரு கழிவு கிடைக்கிறது. 2020 வரை அது 3,500 ரிங்கிட்டாக இருந்தது. 2021இல் 5,000 ஆயிற்று. 2025ஆம் வரி மதிப்பீட்டு ஆண்டு முதல் 6,000 ஆக உயர்ந்துள்ளது. ஆக, இரண்டும் சேர்ந்து 10,000 ரிங்கிட்.

கழிவு என்பது கையில் தரப்படும் பணம் அன்று. வரி கணக்கிடுவதற்கு முன் வருமானத்திலிருந்து தள்ளப்படும் தொகையே அது. "ஆறாயிரம் தருவார்களாமே" என்று எண்ணிப் போனவர்கள் ஏமாற்றத்தோடு திரும்புவது இதனை அறியாததால்தான். என்றாலும் சில குடும்பங்களில் அந்தக் கழிவு, வரியைக் குறைப்பதோடு நில்லாமல் முற்றிலும் நீக்கியே விடுகிறது. கணக்கோடு காட்டுவோம்.

ஜாசின் வட்டாரத்தில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் நமக்கு வேண்டா. கணவர் செம்பனை ஆலையில் லாரி ஓட்டுநர். மனைவி இருபது ஆண்டுகளாக நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் நிரைக்குப் போனவர். நீரிழிவு முற்றி, 2022இல் அவருடைய வலக்கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. மூத்த மகள் வேலைக்குப் போகிறாள். இளையவன் பள்ளியில் படிக்கிறான். மிகைநேரமும் சேர்த்துக் கணவரின் ஆண்டு வருமானம் 57,000 ரிங்கிட்.

தனிநபர் கழிவு 9,000, மனைவிக்கு 4,000, பள்ளிப் பிள்ளைக்கு 2,000, சேமநிதிச் சந்தாவில் கழிக்கத்தக்க உச்ச அளவு 4,000, சொக்சோ சந்தாவுக்கு 350. இவற்றைத் தள்ளினால் வரிக்குரிய வருமானம் 37,650. முதல் 35,000க்கு வரி 600 ரிங்கிட். எஞ்சிய 2,650க்கு நூற்றுக்கு ஆறு விழுக்காடு, அதாவது 159. மொத்தம் 759 ரிங்கிட்.

மனைவியின் உடற்குறைக்கான 6,000த்தையும் தள்ளிப் பார்ப்போம். வரிக்குரிய வருமானம் 31,650 ஆகிறது. அதற்கு வரி 499 ரிங்கிட் 50 காசு. ஆனால் கணக்கு இங்கே முடிவதில்லை. வரிக்குரிய வருமானம் 35,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவருக்கு, வரியிலிருந்தே நேரடியாக 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு; துணைவருக்கான கழிவு பெறுபவருக்கு மேலும் 400. இந்த 800ஐத் தள்ளினால் கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை. (தள்ளுபடியில் மிஞ்சுவதைக் கையில் தரமாட்டார்கள்.) 6,000 ரிங்கிட் கழிவு அவரை 35,000 என்னும் வரப்புக்கு இப்பால் இறக்கிவிட்டதால், 759 ரிங்கிட் முழுவதும் மிச்சம். மாதந்தோறும் அவரிடம் பிடித்த வரி திரும்ப வரும்.

இந்தக் குடும்பம் அதனை மூன்று ஆண்டுகள் கேட்கவில்லை. ஏன்?

கணவருக்கு விவரம் தெரியாது என்பது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் மனைவியின் மனத்தில் இருந்தது. "அட்டை எல்லாம் வேண்டாங்க. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் என் காலைப் பற்றி அரசாங்கத்தில் எழுதி வைக்கணுமா?" என்றார் அவர். கோயில் திருவிழாவுக்குச் சேலையின் கரையைத் தாழ்த்திக் கட்டிக்கொண்டு போய், ஒரே இடத்தில் உட்கார்ந்து திரும்பியவர் அவர். தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஒரு லயத்தில் இருமினால் மறு லயத்துக்குக் கேட்கும் இடத்தில், குறையை மறைத்து வாழ்வதே மானம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். அந்தத் தயக்கத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆயினும் அதன் விலை என்ன என்பதைக் குடும்பம் அறிந்திருக்க வேண்டும். சம்பளம் ஏறத்தாழ அதே அளவில் இருந்திருந்தால், 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் கைநழுவியது 2,000 ரிங்கிட்டுக்கும் மேலாகும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறோம். வருமான வரிச் சட்டத்தில் மாற்றுத்திறனாளி என்பவர் யார்? கால் இல்லாதவர் எல்லாருமா? கண் தெரியாதவர் எல்லாருமா? இல்லை. சமூக நல இலாகா எழுத்து மூலம் அவ்வாறு சான்று அளித்தவரே சட்டத்தின் பார்வையில் மாற்றுத்திறனாளி. ஊர் முழுவதும் அறிந்த குறையாயினும், மருத்துவமனைக் கடிதம் கற்றையாகக் கையிலிருந்தாலும், அந்தச் சான்று இல்லையேல் கழிவு இல்லை. சான்று என்பது நாம் வழக்கமாக ஓ.கே.யு. அட்டை என்று சொல்லும் அட்டையே. ஆகவே இக்கழிவுக்கான பாதை வரி அலுவலகத்தில் தொடங்குவதன்று. சமூக நல அலுவலகத்தில் தொடங்குகிறது. தவறான வாசல் என்று மேலே நாம் கூறியது இதனைத்தான்.

மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசின் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் சமூக நல இலாகாவின் மாவட்ட அலுவலகம் உண்டு. அங்குப் பதிவுப் பாரத்தை இலவசமாகப் பெறலாம். பாரத்தில் ஒரு பகுதி மருத்துவர் நிரப்ப வேண்டியது. அதனை அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஜாசின், அலோர் காஜா மருத்துவமனைகளோ மலாக்கா மருத்துவமனையோ எதுவாயினும் சரி, ஏற்கெனவே சிகிச்சை பெற்றுவரும் இடமே நல்லது. பழைய கோப்பு அங்கே இருக்கும். மருத்துவர் நோயாளியை அறிந்திருப்பார். மருத்துவர் கையெழுத்திட்டு முத்திரை இட்டபின், அடையாள அட்டையின் நகலும் படமும் சேர்த்து மாவட்ட அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவருக்காகக் குடும்பத்தார் செல்லலாம். முதல் முறை போகும்போதே என்னென்ன வேண்டும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால், ஒருநாள் சம்பளத்தை இழந்து மறுமுறை பேருந்து ஏறும் அலைச்சல் மிஞ்சும்.

2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தபின் பதிவு ஏழு பிரிவுகளில் நடைபெறுகிறது: செவிப்புலன், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை கூடிய நிலை. பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர் உடல் பிரிவில் வரக்கூடும்; முடிவு செய்பவர் மருத்துவர். மனநலப் பிரிவில் பதிவு பெற, குறைந்தது இரண்டு ஆண்டு மனநல மருத்துவம் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. "பேய் பிடித்திருக்கிறது" என்று ஆண்டுக்கணக்கில் வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களுக்கு இந்த விதி இடையூறாகும். மருத்துவமனைக்கு முதன்முதலாகப் போன நாள் எது என்பது அங்கே கணக்கில் வருகிறது.

நோய் வேறு, உடற்குறை வேறு என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு என்ற பெயரளவில் அட்டை கிடைக்காது. அவற்றால் உறுப்போ புலனோ பழுதுற்றிருக்க வேண்டும். ஆனால் புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, மாரடைப்பு, பெரிய உறுப்பை வெட்டி எடுத்தல் போன்ற கடும் நோய்களுக்காகத் தமக்கோ துணைவருக்கோ பிள்ளைக்கோ செலவு செய்தவர்களுக்கு வேறொரு கழிவு, 10,000 ரிங்கிட் வரை, இருக்கிறது. அதற்கு மருத்துவரின் சான்றும் ரசீதும் வேண்டும்.

பதிவு கட்டாயமில்லை. அதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அட்டை மனைவியினுடையது, அதில் இருப்பது அவருடைய படம், அவருடைய பெயர். கணவருக்கு வரி குறையும் என்பதற்காக அவரை வற்புறுத்தி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது முறையன்று. விளக்கிச் சொல்ல வேண்டும். வரி வாரியத்துக்குத் தரும் விவரம் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது சட்டம் என்பதையும் சொல்ல வேண்டும். தோட்ட அலுவலகத்துக்குத் தெரியவேண்டாம் என்று அவர் நினைத்தால் அதற்கும் வழி உண்டு: மாதாந்திரப் பிடித்தத்தில் இதனைச் சேர்க்கச் சொல்லிக் கிராணியாரிடம் அட்டையின் நகலைக் கொடுக்கலாம், கொடுக்காமல் ஆண்டு முடிவில் வரிப் பாரத்தில் நேரடியாகக் கோரிப் பிடித்த பணத்தைத் திரும்பவும் பெறலாம். முன்னதில் மாதந்தோறும் கையில் சற்றுக் கூடுதலாக நிற்கும். பின்னதில் மொத்தமாக வரும். வரி எவ்வளவு என்பது இரண்டிலும் ஒன்றே.

அட்டையின் பயன் வரியோடு நிற்பதும் அன்று. வரியே கட்டாத தொழிலாளிக்கும் அது பயன்படும். அரசாங்க மருத்துவமனையில் கட்டணச் சலுகை, ரயில் கட்டணத்தில் பாதி, கடப்பிதழுக்குக் கட்டண விலக்கு முதலியவை அதன்வழி கிடைக்கின்றன. வேலை செய்ய இயலாத ஏழை மாற்றுத்திறனாளிகளுக்குச் சமூக நல இலாகாவின் மாத உதவித் திட்டமும் உண்டு. வருமான வரிக் கழிவைக் காட்டிலும் இந்த உதவியே பல லயங்களில் பெரிது என்பது நமது கருத்து. பூலாவ் செபாங்கில் ரயிலேறிக் கோலாலம்பூர் மருத்துவமனைக்குச் சென்று வருபவருக்கு அந்தப் பாதிக் கட்டணமும் சிறிதன்று.

மேற்சொன்ன குடும்பத்தில் அந்த அம்மாளின் மனத்தை மாற்றியது வரிக் கணக்கு அன்று. செயற்கைக் கால் ஒன்றின் விலை. மாற்றுத்திறனாளியாகப் பதிவு பெற்ற தமக்கோ துணைவருக்கோ பிள்ளைக்கோ பெற்றோருக்கோ சக்கர நாற்காலி, செயற்கைக் கால், செவிக்கருவி போன்ற அடிப்படைக் கருவிகள் வாங்கினால், ஆண்டுக்கு 6,000 ரிங்கிட் வரை தனிக் கழிவு உண்டு. மூக்குக் கண்ணாடி இதில் சேராது. முதற் காலை அட்டை இல்லாத காலத்தில் வாங்கியதால் அக்கழிவு கிடைக்கவில்லை. அது தேய்ந்து, புண் உண்டாக்கத் தொடங்கியபோது, "அடுத்ததையாவது ஒழுங்காக வாங்குவோம்" என்று அவரே ஜாசினுக்குக் கிளம்பினார்.

2025 நவம்பரில் அவர் கையில் அட்டை கிடைத்தது. ஆகவே 2025ஆம் ஆண்டுக் கணக்கில் அவருடைய கணவர் இக்கழிவைக் கோரலாம். கடந்த மூன்று ஆண்டுகளுக்குக் கோர வழியில்லை. அக்காலத்தில் சான்று இல்லை. அட்டை முன்னமே இருந்தும் கழிவைக் கேட்க மறந்தவர்களின் நிலை வேறு. கணக்கு மதிப்பிடப்பட்ட ஆண்டு முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள், பிழை நேர்ந்தது என்று எழுத்து மூலம் வாரியத்துக்கு விண்ணப்பிக்கச் சட்டம் இடமளிக்கிறது. அட்டையின் நகலையும் அவ்வாண்டின் இ.ஏ. பாரத்தையும் இணைக்க வேண்டும்.

இதுவரை கணவர் சம்பாதிப்பவர், மனைவி உடற்குறையுற்றவர் என்றே பேசினோம். மாறாகவும் உண்டு. பக்கவாதத்தில் விழுந்த கணவரை வீட்டில் வைத்துக்கொண்டு, தொழிற்சாலைப் பேருந்தில் அதிகாலையில் ஏறும் பெண்கள் மெர்லிமாவிலும் டுரியான் துங்கலிலும் இல்லையா? "வரி விஷயம் எல்லாம் ஆம்பளைங்க பெயரில்தானே" என்று அவர்கள் விட்டுவிடுகின்றனர். 1991 முதல் மனைவியின் வருமானம் அவர் பெயரிலேயே தனியாக மதிப்பிடப்படுகிறது. வருமானம் இல்லாத கணவருக்கான 4,000, அவரது உடற்குறைக்கான 6,000, இரண்டையும் மனைவி தம் பாரத்தில் கோரலாம். சட்டம் ஆண் பெண் வேறுபாடு பார்க்கவில்லை.

உடற்குறையுற்ற துணைவருக்கும் சம்பளம் இருந்தால் என்ன செய்வது? இங்கே அவசரப்பட்டுக் கூட்டு மதிப்பீட்டைத் தேர்ந்தெடுத்து விடக்கூடாது. அலுவலகத்தில் தொலைபேசி பார்க்கும் பார்வையற்ற மனைவி ஆண்டுக்கு 24,000 ரிங்கிட் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தனியாக மதிப்பிட்டால் அவருக்குச் சொந்தமாக 9,000 ரிங்கிட் கழிவும், தாமே மாற்றுத்திறனாளி என்பதற்காக மேலும் 7,000மும் உண்டு. எஞ்சுவது 8,000, அதற்குரிய சிறு வரியைத் தள்ளுபடி விழுங்கிவிடும். அந்த 24,000த்தைக் கணவரின் வருமானத்தோடு சேர்த்தால், அது அவருடைய மேல்தட்டு விகிதத்தில் வரிக்குள்ளாகும். இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தபின் முடிவு செய்க.

மகன் ஒருவன் நம்மிடம், "அப்பாவுக்கு வருமானம் இல்லை, நான்தான் சம்பாதிக்கிறேன். அம்மாவின் அட்டைக்கு அந்த 6,000த்தை நான் போடலாமா?" என்று கேட்டான். போட முடியாது. அது கணவன் மனைவிக்கு மட்டும் உரியது. ஆனால் தாய்க்கு வாங்கிய சக்கர நாற்காலியை மேற்சொன்ன கருவிக் கழிவில் காட்டலாம். பெற்றோரின் மருத்துவம், பராமரிப்பு ஆகியவற்றுக்கான செலவில் 8,000 ரிங்கிட் வரை கழிவு கோரவும் இடமுண்டு.

திருமணப் பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. முஸ்லிமல்லாதார் திருமணம் 1982 மார்ச் 1 முதல் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட தம்பதியர் இன்னும் இருக்கின்றனர். வரி அதிகாரி பின்னொரு நாள் கணக்கைச் சோதிக்க அழைத்தால், காட்டுவதற்குப் பதிவுச் சான்றிதழே எளிய ஆதாரம்.

பாரம் அனுப்பும் காலம் வந்ததும் தோட்டத்துக்குத் தோட்டம் சில "ஏஜெண்டுகள்" தோன்றுவர். நூறு வெள்ளி கொடுத்தால் பணம் திரும்ப வாங்கித் தருவதாகச் சொல்லி, அட்டையே இல்லாத மனைவியை மாற்றுத்திறனாளி என்று குறித்துவிடுவர். பணமும் வரும், சில ஆண்டுகளில் கடிதமும் வரும். பிழையான பாரத்துக்கு 1,000 முதல் 10,000 ரிங்கிட் வரை அபராதமும், குறைத்துக் காட்டிய வரியைப்போல் இருமடங்கும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அப்போது பொறுப்பாளி பாரத்தில் பெயருள்ளவரே. நூறு வெள்ளி வாங்கியவர் அல்லர்.

சம்பளம் மட்டும் பெறுகிறவர்கள் நிரப்ப வேண்டியது பி.இ. பாரம். முதலாளி பிப்ரவரி இறுதிக்குள் இ.ஏ. பாரத்தைக் கொடுத்துவிட வேண்டும். வரிப் பாரத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. மின்வழி அனுப்புவோருக்கு மே 15 வரை அவகாசம் தரப்பட்டு வந்துள்ளது. படித்த பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே இதனைச் செய்துவிடுகின்றனர். அருகில் உட்கார்ந்து, துணைவருக்கான கட்டத்திலும் மாற்றுத்திறனாளித் துணைவருக்கான கட்டத்திலும் தொகை விழுந்திருக்கிறதா என்று பெற்றோர் கண்ணால் பார்க்க வேண்டும். முதற் கட்டத்தை மட்டும் நிரப்பி இரண்டாவதை விட்டுவிடுவதே நாம் அதிகமாகக் காணும் பிழை.

அட்டையின் நகலையோ ரசீதுகளையோ பாரத்தோடு அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் ஏழு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கடைகளில் இப்போது தரும் வழவழப்பான ரசீதுத் தாள் ஓராண்டிலேயே வெளிறிப் போகிறது; செயற்கைக் காலுக்கும் சக்கர நாற்காலிக்கும் வாங்கிய ரசீதை அன்றே நகலெடுத்து, அடையாள அட்டை நகல்களோடு ஒரே உறையில் போட்டு, உறையின்மேல் ஆண்டை எழுதி வைத்துவிடுக.